அட்கின்சன் சகோதரர்களுக்கு ஒரு மட்டை

“அக்கா, இதெல்லாம் எங்க குடுத்து விக்கிறீங்க?”

கொமினிகேஷன் கடையில் நிற்கும் தம்பிதான் கேட்டான். பென்டிரைவைக் கொடுத்து, 72 தாள், இரண்டு பக்கமும், கறுப்பு மட்டும் என்று சொல்லிவிட்டு நான் மின்விசிறிக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன். விற்கிறதில்லை தம்பி என்றேன். அப்ப ஆருக்கு? எனக்குத்தான். ஒரேயொரு புத்தகமா? ஓம், ஒன்றுதான். அவன் திரும்பி மெஷினைப் பார்த்தான், தாள்கள் வந்து விழுவதைப் பார்த்தான், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காசு வாங்கும்போது மட்டும், கொஞ்சம் பாவம் பார்த்த மாதிரி, 20 ரூபாய் குறைத்துக்கொண்டான்.

நான் செய்வது இதுதான். இணையத்தில் வாசித்து மனத்தில் ஒட்டிக்கொண்ட ஃபேன் ஃபிக்‌ஷன் கதைகளை இறக்கி, பக்கம் அமைத்து, அச்செடுத்து, மடித்து, தைத்து, மட்டை போட்டு அலுமாரியில் வைக்கிறேன். ஃபேன் ஃபிக்‌ஷன் தெரியாதவர்களுக்கு: ஒரு கதை முடிந்த பிறகும் அதை விட்டுப் போக மனமில்லாத வாசகர்கள், அதே பாத்திரங்களை வைத்துத் தாங்களே எழுதிக்கொள்ளும் கதை. கம்பரே அப்படி எழுதியவர்தான் என்று இதற்குக் கிரீடம் வைக்கிற ஆட்களில் நான் இல்லை. கிட்டத்திலேயே உதாரணம் இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு. ‘பொன்னியின் செல்வன்’ 1954இல் கல்கி இதழில் முடிந்தபோது, அவருக்கு என்ன ஆயிற்று, இவருக்குக் கல்யாணம் நடந்ததா என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, கல்கி முடிவுரை என்று தனியாக ஒன்று எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது ஃபிக் எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எனக்குப் பிடித்த ஃபேண்டம், அதாவது ஒரு கதையைச் சுற்றிச் சேரும் ரசிகர் உலகம், ஷெர்லொக் ஹோம்ஸ். அதற்குள்ளும் ஒரு சின்ன மூலை. 1891 ஜூலையில் ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் வந்த முதல் ஹோம்ஸ் சிறுகதையின் தொடக்கத்தில், கல்யாணம் கட்டித் தனியாகப் போய்விட்ட டொக்டர் வொட்சன், நண்பரைப் பற்றி அங்கங்கே காதில் விழுந்ததைச் சொல்லிக்கொண்டு போவார். ஒடெசாவில் ஒரு கொலை வழக்கு, ஒல்லாந்து அரச குடும்பத்துக்கு ஏதோ ஒரு வேலை, இரண்டுக்கும் நடுவில், திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரம் ஒன்றை ஹோம்ஸ் துலக்கினார் என்று அரை வரி. அவ்வளவுதான். யார் அந்தச் சகோதரர்கள், எத்தனை பேர், செத்தார்களா கொன்றார்களா, ஹோம்ஸ் உண்மையில் கப்பலேறி இங்கே வந்தாரா, இலண்டனில் கதிரையில் இருந்தபடியே தீர்த்துவைத்தாரா, ஒன்றும் கிடையாது. ஹோம்ஸை எழுதிய கொனன் டொயில் 1930இல் இறக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பதினாறு வயதில் அந்த வரியைக் கண்டபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். உலகத்திலேயே பிரபலமான துப்பறிவாளருக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கு! அதுவும் பத்திரகாளி கோயில், மணிக்கூட்டுக் கோபுரம், மான் நிற்கிற ரோட்டு உள்ள இந்த ஊரில். அம்மாவிடம் சொன்னேன். “சோத்தைப் போட்டுச் சாப்பிடு” என்றார்.

ஹோம்ஸ் ரசிகர்களுக்கு இப்படிப் பேர் மட்டும் சொல்லி விட்டுப்போன வழக்குகள் என்றால் உயிர். அட்கின்சன் சகோதரர்களுக்கும் ஆள் ஆளுக்கு ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களில் திருகோணமலையைக் கண்டவர்கள் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு கதையில் ஹோம்ஸ் திருகோணமலை ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்குகிறார். வழக்கு நடந்திருக்க வேண்டியது 1888க்கு முன், இங்கே ரயில் வந்ததோ 1920களில். இன்னொன்றில் சகோதரர்கள் இருவரும் திருகோணமலையில் தேயிலைத் தோட்டத் துரைமார். கடல் மட்டத்தில், இந்த வெயிலில், தேயிலை! ஜூலையில் மழை கொட்டாத கதையே இல்லை என்று சொல்லலாம், எங்களுக்கோ ஜூலை என்றால் வறண்ட கச்சான் காற்றும் வெடித்த உதடும்தான்.

நான் புத்தகம் கட்டத் தொடங்கியது 2022இல். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரன்ட் இல்லை. நான் அப்போது ஒரு நீளமான அட்கின்சன் கதையை ஃபோனில் வாசித்துக்கொண்டிருந்தேன், ஒரு சகோதரன் உட்துறைமுகத்தில் வள்ளத்தை அவிழ்க்கிற இடத்தில் சார்ஜ் முடிந்து திரை கறுத்துப்போனது. மெழுகுதிரி வெளிச்சத்தில் சும்மா இருந்தேன். பக்கத்தில் பழைய வாரமலர்கள் கிடந்தன, அவற்றை வாசிக்கக் கரன்ட் தேவையில்லை. அப்போதுதான் கதையைத் தாளில் எடுத்துக் கட்டிவைத்தால் என்ன என்ற யோசனை வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. நாட்டில் தாளே இல்லை. மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைகளையே தாள் இல்லாமல் தள்ளிப்போட்டிருந்தார்கள். ஒரு ரீம் விலை இரண்டு மடங்கைத் தாண்டி, கடைக்காரர் எழுதி ஒட்டாமல் வாயால் மட்டும் சொல்கிற கட்டத்துக்கு வந்திருந்தது.

என்னிடம் இருந்தது டியூஷன் பேப்பர். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து மிஞ்சிய வினாத்தாள்கள் கட்டிலுக்குக் கீழே இரண்டு பெட்டி கிடந்தன. மறுபக்கம் வெள்ளை. கரன்ட் வந்த நேரங்களில், சில நாள் இரவு பதினொரு மணிக்கும், வீட்டிலிருந்த சின்னப் பிரிண்டரில் ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் வீதம் கதையை அந்த வெள்ளைப் பக்கத்தில் எடுத்தேன். பிறகு அச்சு வெளியே தெரியும்படி ஒவ்வொரு தாளையும் நடுவில் மடித்து, திறந்த ஓரங்களை ஒன்றாக அடுக்கி, அந்த ஓரத்தில் ஆணியால் துளைபோட்டுத் தைத்தேன். மடிப்பு வெளிப்பக்கம் வரும், ஒவ்வொரு தாளும் ஒரு பைபோல இருக்கும், வினாத்தாள் பைக்குள் ஒளிந்துகொள்ளும். பிறகுதான் தெரிந்தது, சீனாவிலும் யப்பானிலும் நூற்றாண்டுக்கணக்கில் இப்படித்தான் புத்தகம் கட்டினார்கள். மெல்லிய தாளில் ஒரு பக்கம் மட்டுமே அச்சடிப்பார்கள் என்பதால். எனக்குத் தாள் தட்டுப்பாடு சொல்லித்தந்ததை அவர்களுக்கு மரக்கட்டை அச்சு சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அந்தப் புத்தகம் இன்றைக்கும் இருக்கிறது, அவலட்சணமாக. தங்கூசியால் தைத்தது பெரிய பிழை. மீன் பிடிக்கிற நைலோன் நூல் அறாது என்று நினைத்தேன். நூல் அறாதுதான், அது தாளை அறுத்தது, முடிச்சும் வழுக்கி வழுக்கி அவிழ்ந்தது. ஆனால் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே இருக்கும் வினாத்தாள் நிழலாகத் தெரியும். ஹோம்ஸ் துறைமுகத்தில் கால் வைக்கும் பக்கத்துக்குப் பின்னால் ஓர் இருபடிச் சமன்பாடு. பிணத்தைக் கண்டெடுக்கும் பக்கத்தில், “ஒரு தாங்கியை A குழாய் 6 மணித்தியாலத்தில் நிரப்பும் எனில்.”

அம்மா அதைக் கையில் வாங்கிப் புரட்டினார். புரட்டிவிட்டு, “உன்ர அம்மம்மாவும் உப்பிடித்தான்” என்றார்.

எனக்கு அது தெரியாது. அம்மம்மா இந்தியச் சஞ்சிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கவனமாகப் பிரித்தெடுத்துச் சேர்த்துவைப்பாராம். கதை முடிந்ததும் மொத்தமாகக் கொண்டுபோய் பைண்டிங் செய்வாராம். கூலி கூடிப்போன பிறகு தானே கோணி ஊசியால் தைத்து, கோதுமை மாவில் கூழ் காய்ச்சி, பூச்சி வராமல் அதில் ஒரு துளி துருசு (மயில்துத்தம்) போட்டு, சீத்தைத் துணியால் முதுகு ஒட்டியிருக்கிறார். இருபதுக்கு மேல் இருந்தனவாம். இடம்பெயர்வில் பாதி போனது, 2004 சுனாமித் தண்ணீரில் மிச்சம் போனது. ஒன்று மட்டும் தப்பியது, ஏனென்றால் அது வீட்டில் இல்லை. இரவல் வாங்கிப்போன ஒரு குடும்பம் முப்பது வருடமாகத் திருப்பித் தரவில்லை. அம்மா போய்க் கேட்டு வாங்கிவந்தார். நல்ல காலம், அந்த வீட்டில் எவருக்கும் வெட்கம் இருக்கவில்லை.

அதில் முதல் பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் இல்லை, எந்தக் கதை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தாள் வெங்காயத் தோல் நிறத்தில், தொட்டால் ஓரம் உதிர்கிறது. கதைப் பக்கங்களுக்குப் பின்னால் தலைவலித் தைல விளம்பரமும் பாதிச் சிரிப்புத் துணுக்குகளும் அப்படியே தையலுக்குள் போயிருக்கின்றன. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதற்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில் சில இதழ்கள் கைக்குக் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில், கொப்பித் தாள் ஒன்றை அளவாக வெட்டிச் சேர்த்துத் தைத்திருக்கிறார். அதில் அம்மம்மாவின் கையெழுத்து: “இந்தக் கிழமை வரவில்லை. இனியும் வராது போல. அவள் கிணற்றில் விழவில்லை, அண்ணன்காரன் வந்திருப்பான்.” மிச்சத் தாள் முழுக்க வெறுமை. அடுத்த அத்தியாயத்தில் அவள் உயிரோடு இருக்கிறாள், ஆனால் அண்ணனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

புத்தகம் என்றால் தனித் தாள்களை அடுக்கி ஓரத்தில் பசை தடவுவது என்று நினைத்திருந்த எனக்குக் கண்ணைத் திறந்தது ஒரு சீ.ஆர். கொப்பி. கெட்டி மட்டை போட்ட அந்தக் கொப்பியைப் பிளேடால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே தாள்கள் கட்டுக் கட்டாக மடித்து, ஒவ்வொரு கட்டும் நடு மடிப்பில் நூலால் தைக்கப்பட்டு, முதுகில் ஒரு வலைத்துணி ஒட்டி, அந்தத் துணியின் இரண்டு காதுகளும் மட்டைக்குள் போயிருந்தன. பள்ளிக்கூடக் காலம் முழுக்கக் கையில் வைத்திருந்த பொருள்! ஒரு கட்டுக்கு அச்சகக்காரர் சொல்லும் பெயர் பாரம். நான் 4 தாளை மடித்து 16 பக்கத்துக்கு ஒரு பாரம் கட்டுகிறேன். 288 பக்கத்துக்கு 18 பாரம், 72 தாள்.

பக்கங்களை எந்தத் தாளில் எங்கே அச்சடிப்பது என்பதில்தான் பலர் கைவிடுகிறார்கள், எனக்கு அது மட்டும் இனித்தது. வெளித்தாளின் ஒரு முகத்தில் 16உம் 1உம், மறுமுகத்தில் 2உம் 15உம், அடுத்த தாளில் 14உம் 3உம். எந்த முகத்தை எடுத்தாலும் இரண்டு எண்ணையும் கூட்டினால் 17. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் தாளை மடித்துக் காட்டி, ஏன் 17 என்று கேட்டேன்; பின்வாங்கில் இருக்கிற, வாயே திறக்காத பிள்ளைதான் சொன்னாள். இப்போது இதை அடுக்கித்தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இப்படி ஃபிக் கட்டுகிறவர்களின் ரெனிகேட் பைண்டரி என்ற குழுவே அப்படி ஒன்றைப் பொதுவில் வைத்திருக்கிறது. கணக்கு அதற்குத் தெரியும், கடையில் உள்ள பிரிண்டருக்குத்தான் தெரியாது. தாளின் குறுகிய ஓரத்தில் புரட்டச் சொல்லாமல் நீண்ட ஓரத்தில் புரட்டவிட்டால் பின்பக்கம் எல்லாம் தலைகீழாக விழும். வேறொரு கடையில் எனக்கு 72 தாளும் அப்படி வந்தன. பிழை யாருடையது என்று இரண்டு பேரும் மரியாதையாகச் சண்டை பிடித்து, காசை நான் கொடுத்து, தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வருடமாகக் கடைக்கணக்கு அதில்தான் எழுதினோம்.

தாளுக்கு நார் ஓடும் திசை என்று ஒன்று உண்டு. ஆலையில் தாள் ஓடிவரும் போக்கில் நார்கள் படுத்துவிடும். அந்தத் திசைக்குச் சமாந்தரமாக மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும், குறுக்கே மடித்தால் முறைக்கும். கடையில் வாங்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில். அதைப் பாதியாக மடித்தால் நார் முதுகுக்குக் குறுக்கே கிடக்கும், பக்கம் விரித்த இடத்தில் படுக்காமல் விறைத்து நிற்கும், மாரியில் ஈரம் ஏறி முதுகோரம் அலை அலையாக நெளியும். என் முதல் ஆறு புத்தகங்களும் அப்படித்தான், கடற்கரை மணல்போல. இப்போது ஏ3 தாள் வாங்கிக் குறுக்கே இரண்டாக வெட்டுகிறேன். அப்போது ஏ4 அளவில் நார் குறுக்குவாக்கில் வந்துவிடும். வெட்டுவது இடுப்பை முறிக்கிற வேலை. ஆனால் அப்படிக் கட்டிய புத்தகத்தை மேசையில் வைத்துத் திறந்தால், அது களைத்துப்போன நாய் மாதிரி அப்படியே படுத்துக்கொள்ளும்.

நூல் செருப்புத் தைப்பவரிடம் வாங்குகிறேன். தேன்மெழுகு, தேன் விற்க வருகிறவரிடம். நூலை மெழுகுக் கட்டியில் இரண்டு தரம் இழுத்தால் சிக்காது, முடிச்சு பிடித்துக்கொள்ளும். ஹோம்ஸ் வயதுபோன காலத்தில் சசெக்ஸில் தேனீ வளர்த்தார் என்று மூலக் கதையிலேயே இருக்கிறது, அதனால் மெழுகு போடும்போது எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். தைப்பது இப்படி: முதல் பாரத்தின் மடிப்புக்குள்ளால் ஊசி உள்ளே போய் வெளியே வந்து கடைசித் துளைக்கு வரும், அங்கிருந்து அடுத்த பாரத்துக்கு ஏறும், அதன் முடிவில் கீழே உள்ள பாரத்தின் நூலுக்குள் ஊசியைக் கொளுவி ஒரு சுருக்கு, பிறகு மேலே. இறுக்கமாக இழுத்தால் தாள் கிழியும், தளர்ந்தால் புத்தகம் தொளதொளக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது ஐந்தாவது பாரத்தில் விரலுக்குத் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு தலை வேறெங்கோ போகலாம். மடிப்பைத் தேய்க்க எலும்பில் செய்த தட்டைக் கருவி ஒன்று உண்டாம். நான் பாவிப்பது பிள்ளை ஒன்று விட்டுப்போன அடிமட்டம்.

மட்டைக்குத்தான் ஊர் குறுக்கே வருகிறது. ஸ்ட்ரோபோர்ட் மட்டையில் துணியை ஒட்டினால், காயும்போது துணி சுருங்கி மட்டையைத் தன் பக்கம் வளைக்கும். உள்ளே இன்னொரு தாளை ஒட்டி அதை எதிர்ப்பக்கம் இழுக்கவைத்துத்தான் சமன் செய்ய வேண்டும், இரண்டும் மெதுவாக, ஒரு சுமைக்குக் கீழே காய வேண்டும். கச்சான் காலத்தில் மெதுவாக என்ற சொல்லுக்கே இடமில்லை. தடவி முடிப்பதற்குள் பசை ஆடையாகிவிடும், காலையில் மட்டை ஓடு மாதிரி வளைந்திருக்கும். மாரியில் மறுதலை, நாலு நாளானாலும் காயாது, ஐந்தாம் நாள் பூஞ்சணம். பங்குனி சித்திரைதான் எனக்கு மட்டை கட்டும் காலம். பசை, அம்மம்மாவின் கோதுமைக் கூழோடு தச்சுவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைக் கம்மைக் கலந்தது. துருசு போடுவதில்லை, அது நஞ்சு. போட்டிருக்கலாமோ என்று ஒரு நாள் நினைத்தேன்.

அன்றைக்கு அவசரத்தில் மூன்று மட்டைகளை முன்வாசல் படியில் நிழலாகப் பார்த்துக் காயவைத்திருந்தேன். அம்மாவின் நீலச் சேலையில் வெட்டிய துணி, உள்ளே புதிதாகக் கூழ் தடவிய தாள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பெண் மான் படியில் நின்று, அவசரமே இல்லாமல், ஒரு மட்டையின் ஓரத்தை மென்றுகொண்டிருந்தது. எங்கள் ஊர் மான்களுக்கு மனுசரிடம் பயம் கிடையாது; சோற்றுப் பார்சல் தாளையே தின்கிறவை, கோதுமைக் கூழை விடுமா. நான் கத்தினேன், அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, வாயில் நீல நூல் தொங்கியது, பிறகு இன்னொரு கடி கடித்துவிட்டுப் போனது. துருசு இல்லாதது அதன் அதிர்ஷ்டம். அந்த மட்டையை நான் எறியவில்லை. கடித்த மூலையை அப்படியே விட்டுப் புத்தகத்தைக் கட்டினேன், பல் அச்சு துணியில் இன்னும் இருக்கிறது.

இவ்வளவு நேரம் ஒரு கதையோடு மல்லுக்கட்டினால் அதன் ஒவ்வொரு கமாவும் தெரிந்துவிடும். ஃபோனில் ஓடிப்போய் வாசித்த கதையைப் பக்கமாக அமைக்கும்போது வேறு கண்ணால் வாசிக்கிறேன். இந்த வசனம் எதற்கு, இந்த அத்தியாயம் ஏன் இங்கே முடிகிறது என்று. அப்போது கை துறுதுறுக்கும். ரயிலை எடுத்துவிட்டு மாட்டுவண்டி போட எவ்வளவு நேரமாகும்? ஒரு சொல்லை மாற்றினால் ஜூலை மழை போய்விடும். என் புத்தகம், என் ஊர், யார் கேட்கப் போகிறார்கள். இருந்தும் கை வைப்பதில்லை. தேயிலைத் தோட்டக் கதையில் மட்டும், கடைசித் தாளில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதிவைத்தேன், “திருகோணமலையில் தேயிலை இல்லை. ஆனால் கொலைகாரன் ஆர் எண்டது நல்லாக் கிடக்கு.”

எல்லாரும் பிழை விட்டார்கள் என்று சொன்னால் அநியாயம். ஒரு கதையில், பின்னேரம் ஹோம்ஸ் கோட்டைக்குள்ளால் நடந்து சுவாமி மலை உச்சிக்குப் போகிறார். அங்கே கோயில் இல்லை. வெறும் பாறை. ஒரு பிராமணர் விளிம்பில் நின்று தேங்காய் உடைத்துக் கடலுக்குள் எறிகிறார், பின்னால் கொஞ்சச் சனம். வாசித்தவுடன் “கோணேசர் கோயிலை விட்டுட்டாளே” என்றுதான் எனக்கும் வந்தது. பிறகு உறைத்தது. கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள், இப்போது நாங்கள் கும்பிடுகிற கோயில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டியது. ஹோம்ஸ் காலத்தில் அங்கே பாறையும் பூசையும்தான், அதை அப்போது இங்கே வந்துபோன ஆங்கிலேயர் எழுதியும் வைத்திருக்கிறார்கள். இந்தக் கதையை எழுதியவர் பின்லாந்தில் இருக்கும் ஒரு பெண். இந்த ஊரில் பிறந்த நான் என் ஊரை அவரிடமிருந்து ஒரு தரம் திருத்திக்கொண்டேன்.

இப்போது விற்கிற கதை. உப்புவெளியில் விடுதி நடத்தும் ஒருவர், அந்தப் பின்லாந்துப் பெண்ணின் கதையை நான் கட்டிய புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இருபது பிரதி தாருங்கள், வெள்ளைக்காரர் அள்ளிக்கொண்டு போவார்கள் என்றார். ஷெர்லொக் ஹோம்ஸ், திருகோணமலை, கையால் தைத்தது, சேலைத் துணி மட்டை. அவர் சொன்ன விலையைக் கேட்டு அன்றிரவு நித்திரை வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். சட்டப்படி பார்த்தால் ஹோம்ஸ் யாருக்கும் சொந்தமில்லை. கடைசியாக அமெரிக்காவில் மிஞ்சியிருந்த கதைகளின் காப்புரிமையும் 2023 ஜனவரி முதலாம் திகதி முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தேங்காய் உடைக்கிற பின்னேரம் கொனன் டொயில் எழுதியதில்லையே. அது அந்தப் பெண்ணுடையது. அவர் அதை ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் போட்டிருக்கிறார். 2007இல் ரசிகர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு ஒன்று, நன்கொடையில் மட்டும், விளம்பரமே இல்லாமல் நடத்துவது அது; 2019இல், அறிபுனைக்குக் கொடுக்கும் ஹியூகோ விருதுகூட வாங்கியது. எழுதுகிறவருக்குச் சதம் கிடையாது, அவர் கேட்பதும் இல்லை. 60களின் ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் ரோனியோ அச்சு மெஷினில் சுற்றி எடுத்த இதழ்கள் காலத்திலிருந்தே, செலவுக்கு மேல் வாங்கினால் மரியாதையில்லை என்பது வழக்கம். வேறு நாடுகளில் சிலர் பிரபலமான ஃபிக்குகளைக் கட்டி இணையக் கடைகளில் பெரிய விலைக்கு விற்கப்போய், எழுதியவர்கள் வெறுத்துக் கதையையே தளத்திலிருந்து எடுத்துவிட்டது நடந்திருக்கிறது. ஒருவர் இருபது பிரதி விற்பார், ஆயிரம் பேர் வாசிக்கக் கதை இராது.

எடுத்துவிடுவதைவிட எனக்குத் துக்கமானது இன்னொன்று. அந்தத் தளத்தில் ஒரு கதையை அநாதையாக்கலாம். கதை அங்கேயே இருக்கும், எழுதியவர் பெயர் மட்டும் கழன்றுவிடும், அந்த இடத்தில் அநாதைக் கணக்கு என்று நிற்கும். முதல் முதல் டியூஷன் பேப்பரில் நான் கட்டிய கதை அப்படி ஆகிவிட்டது. மறுபடி ஒழுங்காகக் கட்ட எடுத்தபோது பார்த்தேன், பெயர் இல்லை. என் பழைய பிரதியின் முதல் பக்கத்தில் அவருடைய புனைபெயர் இருக்கிறது. அதைப் பார்த்துப் புதிய பிரதியில் போடுவதா? அவர்தானே கழற்றினார். தலைப்புக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு அச்சடித்தேன். அம்மம்மாவின் வெற்றுத் தாள் மாதிரி அது கிடக்கிறது.

விடுதிக்காரரிடம் இல்லையென்றேன். அவருக்குக் கோபமில்லை, “அப்ப எழுதினவவுக்குத் தெரியுமா நீங்க புத்தகம் கட்டினது?” என்று மட்டும் கேட்டார். தெரியாது. கட்டுகிறவர்கள் எழுதியவருக்கு ஒரு பிரதி அனுப்புவது நல்ல வழக்கம் என்று எனக்குத் தெரிந்தும், கடிதம் எழுதக் கூச்சம். அன்றைக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது, முழுக்க ஆச்சரியக்குறி. திருகோணமலையில் உண்மையாகவே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை இப்போதுதான் நம்புகிறேன் என்று எழுதியிருந்தார். புத்தகம் வேண்டும், கூடவே அந்தப் பாறையின் படம் ஒன்றும் வேண்டும். விற்க வேண்டாம், யாரும் இரவல் கேட்டால் கொடு. அங்கே டிசம்பரில் பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடுமாம், அந்த இருட்டில் இருந்துதான் வெயிலை எழுதினாராம்.

சித்திரையில் அவருக்கென்று ஒன்று கட்டினேன், 18 பாரம், அம்மாவின் அதே நீலச் சேலையில் மிஞ்சிய துண்டு, முதுகின் நுனியில் ஒட்டும் தலைப்பட்டிக்கு அந்தச் சேலையின் கரை. மட்டையை இந்த முறை வீட்டுக்குள், அம்மிக்கல்லுக்குக் கீழே காயவைத்தேன்.

தபால் கந்தோரில் வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்கப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். உள்ளே என்ன: புத்தகம், ஒன்று. நிறை: அவர்கள் நிறுப்பார்கள். பெறுமதி என்ற கட்டத்தில் நான் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

“மிஸ், பெறுமதி போடோணும்” என்றார் அந்தப் பக்கம் இருந்தவர்.

“விக்கிற புத்தகம் இல்லை ஐயா, பரிசு.”

“பரிசெண்டாலும் போடோணும். வெறுமையா விட ஏலாது.”

தாள் விலை, அச்சுக் கூலி, நூல், மட்டை என்று மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன், பாதியில் விட்டேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் பார்சலை இன்னும் ஒட்டாத பக்கத்தால் திறந்து, புத்தகத்தை வெளியே எடுத்து, முதுகைத் தடவிப் பார்த்தார். நடுவில் திறந்தார். அது படுத்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒரு வரி வாசித்தார்.

“திருகோணமலையோ?”

“ஓம்.”

“ஆர் எழுதினது, இங்கத்தை ஆளோ?”

“இல்லை ஐயா. இங்க வந்ததே இல்லை.”

இன்னும் ஒரு பக்கம் வாசித்தார். வரிசையில் யாரோ செருமினார்கள். புத்தகத்தை உள்ளே வைத்து, டேப் ஒட்டி, பேனையை என் பக்கம் நீட்டினார். நான் 500 என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ பிள்ளை” என்றார்.